பழுது எப்போது ஏற்பட்டது

காலை எட்டு மணிக்கு ஹெட்போனை மாட்டினால்
முதல் அழைப்பு பெரும்பாலும் ஸ்பிரிங்.
"தெறித்து எங்கோ போய்விட்டது, அம்மா."
பிரிட்ஜுக்கு அடியில் பாருங்கள் என்பேன்.
இருக்கும். எப்போதும் அங்கேதான் இருக்கும்.
அடுத்த முறை பெரிய பிளாஸ்டிக் பைக்குள்
கையை விட்டுக் கழற்றுங்கள்,
தெறித்தாலும் பைக்குள் கிடக்கும்.

பதினோரு வருடம்.
நியூ ஹாம்ப்ஷயரில், ஆற்றோரப் பழைய கம்பளி மில்.
கீழ்த்தளத்தில் கைத்துப்பாக்கி செய்கிறார்கள்,
மேல்தளத்தில் நாங்கள் நாலு பேர் மன்னிப்புக் கேட்கிறோம்.

பெட்டிகள் வரும். பிரித்தால்
கோதுமை உமி, நாய் முடி,
ஒருமுறை பாதி உருகிய இருமல் மிட்டாய்.
சமையல் எண்ணெய் போட்டுப் பிசினாகிப்போன ஒன்று.
பாதிக்குப் பாதி பழுதே இல்லை, அழுக்கு.
துடைத்து, மூன்று சொட்டு எண்ணெய் விட்டு,
ஆயுட்கால வாரண்டி என்று அச்சடித்த அட்டையோடு
திருப்பி அனுப்புவோம்.
யாருடைய ஆயுள் என்று அட்டையில் இல்லை.

மார்ச்சில் வடக்கு டகோட்டாவிலிருந்து ஒன்று வந்தது,
விதைக் கம்பெனிக் காலண்டர் தாள்களைக் கசக்கி அடைத்து.
உரிமையாளர்: ஓரின் ஹாகென்.
படிவத்தை நிரப்பியவர்: மிர்னா ஹாகென், மனைவி.
பழுது: சுடவில்லை.
பழுது எப்போது ஏற்பட்டது:
அந்தக் கட்டம் இரண்டு விரல் அகலம்தான்.
அவள் கையெழுத்து கட்டத்தைத் தாண்டி
ஓரத்தில் ஏறி
பின்பக்கம் போயிருந்தது.

"செவ்வாய் விடிகாலை நாலேகால். டிராக்டர் கொட்டகையில்.
அவர் கையில். வேறு யாரும் இல்லை.
டிக் என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டதாகச் சொன்னார்.
பிறகு உள்ளே வந்து காபி போட்டார், எனக்கும் சேர்த்து.
வியாழக்கிழமைகளில் டாக்டரிடம் போகிறோம்.
பழுது பார்க்க அனுப்புகிறேன் என்று
அவரிடம் சொல்லியிருக்கிறேன்.
பார்க்க வேண்டாம்."

அதற்கும் கீழே, வேறு பேனாவில்:
"அந்தப் பாகத்தைச் செய்தவருக்கு நன்றி."

லூசியன் பெஞ்சில் வைத்துக் கழற்றினான்.
ஊசியின் முனை முறிந்திருந்தது, ஒரு குருணை அளவு.
உலோகத்துக்குள் ஒரு சின்னக் குமிழ்.
தரச் சோதனையில் எப்படியோ தப்பி வந்த துண்டு.
"கீழே எவனோ தூங்கியிருக்கான், ஆர்லெட்" என்றான்.
"ரெண்டு நிமிஷ வேலை. பத்து டாலர் சாமான்."
படிவத்தைத் திருப்பிக் காட்டினேன்.
படித்தான். கையைத் துணியில் துடைத்தான்,
துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

விதி இதுதான்: பதினைந்து வேலை நாளுக்குள்
சரிசெய்து உரிமையாளருக்கு அனுப்ப வேண்டும்.
உதிரி பாகம் கையிருப்பில் இல்லை
என்று திரையில் அடித்தேன்.
என் முதுகுக்குப் பின்னால் இழுப்பறையில்
நாற்பது ஊசிகள், பத்துப் பத்தாகப் பொட்டலம்.

ஏப்ரலில் இல்லை. மே மாதம் இல்லை.
ஜூனில் மேலாளர் கேட்டார்.
சப்ளையர் இழுத்தடிக்கிறார் என்றேன்.
வீட்டில் எனக்குப் பொய் வராது,
இந்த நாற்காலியில் வரும்.

ஆகஸ்டில் ஒரு மதியம். ஆண் குரல்,
பின்னால் ஏதோ எஞ்சின்.
பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்ல ஆரம்பித்தார்.
முதல் எழுத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது,
இருந்தும் கடைசி எழுத்துவரை கேட்டேன்.
"என் துப்பாக்கி உங்களிடம் இருக்கிறதாம்."
"இருக்கிறது. பாகம் இன்னும் வரவில்லை. மன்னிக்கவும்."

எஞ்சினை அணைத்தார்.
"எவ்வளவு பெரிய பாகம்?"
"சின்னது. உடைந்தது ஒரு குருணை அளவு."
"அப்படியா."

அப்புறம் நான் கேட்காமலே சொன்னார்,
சர்க்கரை பீட்ரூட் இந்த வருஷம் நன்றாக இறங்கியிருக்கிறது என்று,
அக்டோபரில் தோண்ட ஆரம்பித்தால்
ராவும் பகலும் லாரி ஓடும் என்று,
மிர்னாவும் ஒரு லாரி ஓட்டுவாள் என்று.
"அவசரம் ஒன்றுமில்லை" என்றார்.

வைத்த பிறகு திரை கேட்டது:
வாடிக்கையாளரின் குறை தீர்ந்ததா?
ஆம். இல்லை.
இரண்டுக்கும் நடுவே கோடு மின்னிக்கொண்டிருந்தது.

அதற்குள் அடுத்த அழைப்பு.
ஸ்பிரிங்.